அம்மாளுக்குப் போட்ட திரை

அந்தத் திரை எதுக்குன்னு கேக்குறீங்களா? கேக்காதவங்களே இல்ல மேடம். உள்ள வர்ற நூறு பேருல தொண்ணூறு பேரு படத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி திரையத்தான் பாக்குறாங்க. ஆஸ்பத்திரியில கட்டிலைச் சுத்திப் போடுவாங்களே, அதே கம்பி, அதே வளையம், அதே பச்சைத் துணி. நூத்தி முப்பது வருசத்துப் படத்துக்கு வந்த வாழ்வு. உக்காருங்க, அந்த பெஞ்சு வர்றவங்களுக்காகப் போட்டதுதான். வெளிய வெயில் மண்டையப் பொளக்குது, திருச்சி பஸ்ஸும் மூணரைக்குத்தான். நான் சொல்லி முடிக்கிறதுக்கும் பஸ் வர்றதுக்கும் சரியா இருக்கும்.

இந்தத் திரையால என் குடும்பமே ரெண்டாக் கெடக்கு மேடம். இன்னும் ஒம்போது நாள்ல பொண்ணுக்குக் கல்யாணம். கூடப்பொறந்த அக்கா மூணு மாசமா என்கிட்ட பேசல. அக்கா வரலன்னா கல்யாணமே வேண்டாங்குறா பொண்ணு. நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல. நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

என் பேரு கோதண்டபாணி. இங்க கேலரி அட்டெண்டர், இருபத்தாறு வருசமா. வாசல்ல போர்டு பாத்திருப்பீங்க, 'கண்டியநல்லூர் ஜமீன் மாளிகை ஓவியக்கூடம்'னு. அதுக்குக் கீழ அதைவிடப் பெருசா இன்னொண்ணு, 'விசேஷங்களுக்கு அணுகவும்'னு. ரெண்டாவது போர்டைப் பாத்துட்டு வர்ற கூட்டம்தான் இப்பல்லாம் அதிகம்.

படத்துல இருக்கவங்க ரங்கநாயகி அம்மாள். ஜமீன்தாரோட அக்கா. பத்தொம்போது வயசுல புருசன் போயிட்டாரு. அடுத்த வருசமே அப்பாவும் போயிட்டாரு. தம்பிக்கு அப்ப ஆறு வயசு. தம்பி வளந்து ஆளாகுற வரைக்கும் இந்த ஜமீனைக் கட்டி ஆண்டது இவங்கதான். பாருங்க, வெள்ளைப் புடவை, வெறும் நெத்தி, கையில சாவிக்கொத்து. கலெக்டரே வந்தாலும் எந்திரிக்க மாட்டாங்களாம். அந்தக் கண்ணைப் பாருங்க மேடம். நீங்க அந்தக் கோடிக்குப் போனாலும் உங்களைத்தான் பாக்கும், இந்தக் கோடிக்கு வந்தாலும் உங்களைத்தான் பாக்கும். நான் மதியானம் கொஞ்சம் கண்ணசந்தா என்னையும் பாக்கும், அது வேற விஷயம்.

நான் தெனம் காலையில வந்ததும் மொதல்ல இவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் ஜன்னலைத் தொறப்பேன். இருபத்தாறு வருசமா. பெத்த தாயை அப்படிக் கும்பிட்டது கிடையாது.

மூணு வருசத்துக்கு முன்னாடி புது டைரக்டர் வந்தாரு, நிரஞ்சன் சார்னு. பெங்களூர்ல படிச்சவரு. நல்ல மனுசன்தான், கொற சொல்லல. வந்த அன்னைக்கு இந்த ஹால்ல நட்ட நடுவுல நின்னு ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. ஆகா, ஓவியத்தை ரசிக்கிற மனுசன் வந்துட்டாருடான்னு நெனைச்சேன். அவரு கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? "கோதண்டம், இங்க எத்தனை சேர் போடலாம்?"

முடிஞ்சுது. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

நிச்சயதார்த்தம், வளைகாப்பு, ஒரு வயசுப் புள்ளைக்குப் பொறந்தநாளு. எல்லாம் இங்கதான். அந்த மரச்சிற்பத்துல ஒரு அம்மா கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, அந்தக் கையில ஒரே சாயங்காலத்துல நாலு ஹேண்ட்பேக் தொங்குச்சு மேடம். நான் எடுக்கச் சொன்னா, "அதுக்குத்தான கை நீட்டியிருக்கு"ங்குது ஒரு அம்மா. மோட்டார் பம்பு கம்பெனிக்காரங்க டீலர் மாநாடு வச்சாங்க. வாசல்ல நிக்கிற துவாரபாலகர் ரெண்டு பேரு கால்மாட்டுலயும் ஆளுக்கு ஒரு பம்பு. ஆயிரம் வருசமா அவங்க அதைத்தான் காவல் காத்துக்கிட்டிருந்த மாதிரி.

ஒருத்தரு என்னைத் தனியாக் கூப்ட்டுக் கேட்டாரு: "இந்தப் படமெல்லாம் டெகரேஷன்காரங்க கொண்டாந்ததா? வாடகைக்கு எங்க கிடைக்கும்?" இன்னொரு கல்யாண வீட்டுக்காரரு, அதோ மீசையோட இருக்காரே ஜமீன்தாரு, அவரைக் காட்டி, "எங்க தாத்தா ஜாடையா இருக்குல்ல?"ன்னு வந்தவுடனே கேட்டாரு. காபி குடிச்சதுக்கப்புறம் "எங்க தாத்தாவுக்குத் தூரத்துச் சொந்தம்"னாரு. பந்தி முடியறதுக்குள்ள "எங்க தாத்தா"ன்னே ஆயிருச்சு. கீழ நின்னு குடும்பமாப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க பயபக்தியோட பாத்தாங்க. நான் என்னத்தைச் சொல்றது? தாத்தா கெடைச்ச சந்தோசத்தை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.

சரி, திரைக்கு வர்றேன். ஒரு அரிசி மில்லுக்காரங்க வீட்டு நிச்சயம். மாப்பிள்ளையோட அம்மா தாம்பாளத்தட்டைத் தூக்கிக்கிட்டு மொத ஆளா உள்ள வந்தாங்க. ரெண்டு எட்டு வச்சாங்க, நிமிந்தாங்க, அம்மாளைப் பாத்தாங்க. அப்படியே நின்னுட்டாங்க. "ஐயையோ, எதுத்தாப்புல இப்படி ஒருத்தியை வச்சுக்கிட்டு எப்படிங்க தட்டு மாத்துறது?"ன்னு திரும்பி வாசலுக்கே போயிட்டாங்க. பின்னாடி இருபது தட்டும் அப்படியே ரிவர்ஸ்ல போகுது. டைரக்டர் ஓடி வந்து "கோதண்டம், படத்தைக் கழட்டு"ங்குறாரு. சொவத்தோட சேத்து இரும்புப் பட்டை அடிச்ச படம் சார், கழட்டுனா சொவரும் கூடவே வரும்னேன். அப்ப ஒரு பெட்ஷீட்டை வச்சு மூடுனாங்க. மறுவாரமே இந்தக் கம்பியும் துணியும் வந்து எறங்கிருச்சு.

அன்னிலேர்ந்து விசேஷம்னா திரை. இழுக்குறது என் டூட்டி. கயிறைப் புடிக்கிறப்பல்லாம் எனக்கு அழுகையே வரும் மேடம். "மன்னிச்சுக்குங்கம்மா"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் இழுப்பேன். செத்து எண்பது வருசம் ஆன பொம்பளை. கேன்வாஸு, எண்ணெய்ச் சாயம், அவ்வளவுதான். அதைப் பாத்துப் பயப்படுறானுங்க, கார்ல வந்து எறங்குறவனுங்க, வெளிநாட்டுல வேலை பாக்குறவனுங்க! எந்தக் காலத்துல இருக்கோம்?

நான் சும்மா இருக்கல. டிரஸ்ட் தலைவருக்கு மூணு பக்கத்துல மனு எழுதுனேன். 'ஓவியத்தில் உள்ள ஒரு கைம்பெண்ணைக் கண்டு அஞ்சும் இந்தச் சமுதாயம்' அப்படின்னு ஆரம்பிச்சு, போட்டுத் தாக்கிட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனேன். என் வீட்டுக்காரி சௌந்தரம் கூட்டுறவு பேங்குல வேலை பாக்குறா, அவ எழுத்துப்பிழை மட்டும் திருத்துனா. என் பொண்ணு அபிநயா அவ அத்தையையே பாத்துக்கிட்டு இருந்தா. அக்கா மட்டும் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "அந்தத் திரையப் போட்டா உள்ள ரொம்ப இருட்டா இருக்குமாடா தம்பி?"ன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. படத்துக்கு என்னக்கா இருட்டும் வெளிச்சமும்னேன். பாவம், அவ்வளவு படிக்கல.

அக்கா பேரு தவமணி. என்னைவிட ஆறு வயசு மூத்தது. இருபத்தேழு வயசுல அத்தான் லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. கொழந்தை கெடையாது. நான் போயிக் கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டேன். முப்பத்து மூணு வருசம் என் வீட்டுலதான். ஒரு நாளு, ஒரு பொழுது நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல மேடம், கற்பூரத்துல அடிச்சு சத்தியம் பண்றேன். அபிநயாவ வளத்ததே அக்காதான். கைக்கொழந்தையில ராத்தூக்கம் முழிச்சது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, அவ வயசுக்கு வந்தப்ப உக்கார வச்சுச் சோறு ஊட்டுனது, எல்லாம். சடங்கன்னைக்கு மட்டும் பின்கட்டுல இருந்துச்சு. அது வழக்கம்.

அப்புறம் இன்னொண்ணு சொல்லணும். நாங்க ஒரு நல்ல காரியத்துக்குக் கெளம்புறோம்னு வைங்க, அக்கா தானா எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிரும். எதுக்க வராது. நான் போன்னு சொன்னதே இல்ல. சொல்லாமலே புரிஞ்சுக்கும், தங்கமான கொணம். அந்த மாதிரி அக்கா யாருக்குக் கெடைக்கும் சொல்லுங்க?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அபிநயாவுக்கு மாசியில நிச்சயம் வச்சோம். மாப்பிள்ளை பெரம்பலூர்ல வேளாண்மை அதிகாரி. இங்க வேலை பாக்குறவங்களுக்கு வீட்டு விசேஷம்னா ஹாலைச் சும்மாவே தர்றாங்க. நான் அன்னைக்கே டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன்: "சார், என் பொண்ணு நிச்சயத்துல அம்மாளுக்குத் திரை கெடையாது." அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "உங்க இஷ்டம் கோதண்டம்"னாரு. ஆடிப்போயிட்டாரு மனுசன்.

யாராவது எதாவது கேப்பாங்க, கேட்டா என்ன பேசுறதுன்னு ஒரு வாரம் ஒத்திகை பாத்தேன். தெரிஞ்ச பத்திரிகை நிருபர் ஒருத்தரு இருக்காரு, அவருகிட்டயும் ஜாடையாச் சொல்லி வச்சேன். விளம்பரத்துக்கு இல்ல மேடம். நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான நாலு பேரு திருந்துவான்.

அன்னைக்குக் காலையில எல்லாரும் வேன்ல ஏறுறோம். அக்கா மாம்பழக் கலர்ல பட்டுப் பொடவை கட்டிக்கிட்டு வந்துச்சு. அபிநயா மொத சம்பளத்துல எடுத்துக் குடுத்தது. அதுவரைக்கும் பொட்டிக்குள்ளயே இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, நான் இல்லங்கல. ஆனா சம்பந்தி வீடு புதுசு இல்லையா? அவங்க மனசு எப்படின்னு நமக்குத் தெரியுமா? நான் பக்குவமாத்தான் சொன்னேன். "அக்கா, வராண்டாவுல பை வாங்கி வைக்கிற கவுண்டர் இருக்குல்ல, அதுல நம்பிக்கையான ஆளு வேணும். தட்டு மாத்துற வரைக்கும் நீ அங்க இருந்துக்க"ன்னேன். இங்க பையோட உள்ள விடக் கூடாதுன்னு ரூல் இருக்கு, நீங்களும் குடுத்துட்டுத்தான வந்தீங்க. பொய் சொல்லல. "சரிடா தம்பி"ன்னுச்சு. மொகம் கோணல. உள்ள போயி எப்பவும் கட்டுற சாம்பக் கலர் நூல் பொடவையக் கட்டிக்கிட்டு வந்துச்சு. பை கவுண்டருக்கு எதுக்குப் பட்டு, அதுவும் சரிதான்.

ஹாலுக்கு வந்தாச்சு. அம்மாள் பளிச்சுனு தெரியறாங்க. நான் எதிர்பாத்த மாதிரியே மாப்பிள்ளையோட பெரியப்பா ஒருத்தரு அண்ணாந்து பாத்துட்டு, "ஏங்க, இதுக்கு ஒரு திரை இருக்காமே?"ன்னாரு. அவரு வாயில சக்கரையப் போடணும். நான் மைக்கைப் புடிச்சுட்டேன் மேடம்.

"ஐயா, இந்த அம்மாள் வாழ்க்கையை இழந்தவங்க இல்ல. ஒரு தம்பியை வளத்தவங்க. ஒரு குடும்பத்தையே தாங்குனவங்க. எந்த நல்ல காரியத்துக்கும் இவங்க கண்ணு பட்டாத்தான் நல்லது. இவங்க பாக்காத நிச்சயம் என் பொண்ணுக்கு வேண்டாம்!" அப்படின்னேன். கைதட்டு பாருங்க! அந்தப் பெரியப்பாவே தட்டுறாரு. நிருபர் போட்டோவா எடுக்குறாரு. எனக்கு ரெண்டு காதும் சுடுது. ரங்கநாயகி அம்மாளே எறங்கி வந்து தலையில கை வச்ச மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் சம்பந்தியம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க. "சம்பந்தி, நீங்க பேசுனது எனக்கு உள்ள போயிருச்சு. பொண்ணை வளத்த அத்தை ஒருத்தங்க இருக்காங்கன்னு எங்க பையன் சொன்னான். மொத பொட்டு அவங்களே வைக்கட்டும். எங்க அவங்க?"ன்னாங்க. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. ஆனா பெரிய மனசுல ஒரு பேச்சுக்குச் சொல்றதை அப்படியே புடிச்சுக்கக் கூடாது இல்லையா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரைச் சொல்லுவாங்க? நான் சமாளிச்சேன். "அக்கா இதெல்லாம் விரும்பாதுங்க. கூச்ச சுபாவம். வெளிய பை பாத்துக்கிட்டு இருக்கு"ன்னேன்.

கைதட்டுனவங்கல்லாம் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பாத்துக்கிட்டாங்க. எதுக்குன்னு எனக்குப் புரியல. அபிநயா மட்டும் மணையில இருந்து எந்திரிச்சா. பட்டுப் பொடவை தடுக்கத் தடுக்க வெளிய நடந்தா. அத்தை கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா.

அக்கா வந்துச்சு. கையில பை டோக்கன் ஒரு கொத்து இருந்துச்சு, அதைக் கீழ வைக்கக்கூட இல்ல. அபிநயாவ உக்கார வச்சு, கன்னத்தைத் தடவிக் குடுத்துச்சு. பொட்டு வைக்கல. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்காங்க. நேரா இங்க வந்துச்சு மேடம், இதோ இந்த எடத்துக்கு. அம்மாளை அண்ணாந்து கொஞ்ச நேரம் பாத்துச்சு. இருபத்தாறு வருசத்துல அக்கா இந்தப் படத்தைப் பாக்குறது அதுதான் மொத தடவைன்னு எனக்கு அப்பத்தான் ஞாபகம் வருது. கூட்டிக்கிட்டு வரணும்னு தோணல, அவ்வளவுதான். அப்புறம் கயிறைப் புடிச்சு ஒரே இழுப்பு. சர்ருனு திரை விழுந்துருச்சு.

"இவங்களும் வெளிய இருக்கட்டும் தம்பி. எனக்குத் துணைக்கு"ன்னுச்சு.

சத்தமாக்கூட சொல்லல. சொல்லிட்டு வராண்டாவுக்குப் போயிருச்சு. கடைசிப் பை போற வரைக்கும் கவுண்டர்லயே உக்காந்து, ஒரு டோக்கன் மாறாமக் குடுத்துட்டு, வேன்ல ஏறாம நடந்து போயிருச்சு. இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கம் லேடீஸ் ஹாஸ்டல்ல சமையலுக்கு இருக்கு. அங்கயே ரூம். அபிநயாதான் துணிமணியெல்லாம் கொண்டுபோய்க் குடுத்தா, அந்த மாம்பழக் கலர் பொடவையும் சேத்து.

மறுநாள் பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நான் மைக்கைப் புடிச்சுக்கிட்டு வாயைப் பொளந்து நிக்கிறேன், பின்னாடி பச்சைத் திரை. கீழ 'கைம்பெண்களுக்காகக் குரல் கொடுத்த ஊழியர்'னு போட்டிருக்கான். எந்தக் கைம்பெண்ணுன்னு பாக்குறவனுக்கு என்ன தெரியும்? டைரக்டர் அதை வெட்டி நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாரு. போறவன் வர்றவன்லாம் சிரிக்கிறான். ஊரே கைதட்டுன பேச்சை அக்கா ஒரு இழுப்புல ஒண்ணுமில்லாம பண்ணிருச்சு. அதுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன் மேடம்? அவங்க இனத்துக்காகத்தான பேசுனேன்!

இப்ப அபிநயா ஒரே புடியா நிக்கிறா. "அத்தை மேடையில நின்னு மொத நலுங்கு வைக்கணும். நீ போயிக் கூப்புடணும்ப்பா. இல்லன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தைப் போட்டுட்டு அத்தை ரூமுக்குப் போயிருவோம்"ங்குறா. மாப்பிள்ளையும் சரிங்குறாராம். சௌந்தரம் அவ பக்கம். ரெண்டு தடவை ஹாஸ்டல் கேட்டு வரைக்கும் போனேன். உள்ள அக்கா யாருக்கோ சத்தமாச் சிரிச்சுப் பேசுறது கேட்டுச்சு. நம்ம வீட்டுல அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. அப்படியே திரும்பிட்டேன்.

எனக்கு அக்கா வேணும் மேடம். அதை ஒளிக்க மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, 'வந்துட்டியாடா'ன்னு ஒரு கொரலு கேக்கும். அந்தக் கொரலு இல்லாம வீட்டுக்குள்ள போகவே காலு வரமாட்டேங்குது.

அதனால நானே எறங்கி வந்துட்டேன். நாளைக்குப் போயிக் கூப்புடப் போறேன். ஏற்பாடெல்லாம் பண்ணியாச்சு. மண்டபத்துல டைனிங் ஹால்ல பெரிய ஸ்கிரீன் வைக்கிறாங்க, தாலி கட்டுறது நேரடியாத் தெரியும். அதுக்கு எதுத்தாப்புல தனியா நல்ல சேர், தனி ஃபேன். மேடையில நிக்கிறவங்களுக்குப் புகைதான் தெரியும், அக்காவுக்குத்தான் எல்லாம் தெளிவாத் தெரியும். இதுக்கு மேல ஒரு தம்பி என்ன செய்வான்? சொன்னா அபிநயாவும் புரிஞ்சுக்குவா.

அட, மணி மூணேகாலாச்சு. இருங்க மேடம், பத்திரிகை வாங்கிக்காமப் போகக் கூடாது. இவ்வளவு நேரம் பொறுமையா யாரு கேப்பா? நீங்க அவசியம் கல்யாணத்துக்கு வரணும். உங்க பேரு சொல்லுங்க, எழுதிடறேன். கனகாம்புஜமா, நல்ல பேரு. சாரு பேரையும் சொல்லுங்க, ரெண்டு பேரையும் சேத்தே எழுதிடறேன். முன்வரிசையில உக்காத்தி வைக்கிறேன், அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்க.

ஓ.

எப்ப மேடம்? நாலு வருசமாச்சா. அடடா. தெரியல மேடம், பொட்டு வச்சிருக்கீங்க, பூவும் வச்சிருக்கீங்க, அதான் நானு... தப்பா எடுத்துக்காதீங்க. அய்யய்யோ, பத்திரிகையத் திருப்பித் தராதீங்க மேடம், நான் அந்த மாதிரி ஆளு இல்ல. இவ்வளவு நேரம் நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்? கண்டிப்பா வரணும். முகூர்த்தம் ஆறரைலேர்ந்து ஏழரை. அம்புட்டு வெள்ளன எந்திரிச்சு வந்து நீங்க எதுக்கு சிரமப்படணும்? எட்டு மணிக்கு மேல நிதானமா வாங்க. மேடைப்பக்கம் ஒரே கூட்டமா இருக்கும், நீங்க நேரா டைனிங் ஹாலுக்கே வந்துருங்க. அக்கா பக்கத்துல உங்களுக்கும் ஒரு சேர் போடச் சொல்றேன்.